டன்னுக்கு 60 கிராமில் இருந்து 5 கிலோ வரை: பாறை உருகும்போது லித்தியம் சேரும் விதம்

மவுண்ட் ரஷ்மோர் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. மலையில் செதுக்கிய நான்கு அமெரிக்க ஜனாதிபதிகளின் முகங்கள். அடுத்த முறை அந்தப் படம் கண்ணில் பட்டால் முகங்களை விட்டுவிட்டு வாஷிங்டனுக்குக் கீழே பாருங்கள். வெளிறிய பாறை முடிந்து கருத்த பாறை தொடங்கும் எல்லை தெரியும். மேலே இருப்பது ஹார்னி பீக் கிரானைட். கீழே இருப்பது ஷிஸ்ட், அதாவது சேற்றுப் பாறை சூட்டிலும் அழுத்தத்திலும் மாறி உண்டான, மைக்கா நிறைந்த பாறை. மைக்கா என்றால் நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்வோமே, அதேதான். கீழே தெரிகிற பாறையைப் போன்ற பாறைகள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகித்தான், சுமார் 170 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலே தெரிகிற பாறை உண்டானது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கீஸ்டோன் ஊருக்குப் பக்கத்தில் எட்டா சுரங்கம் இருக்கிறது. 12 மீட்டருக்கும் மேல் நீளமான லித்தியப் படிகங்கள் அங்கே கிடைத்தன.

ஷிஸ்ட், கிரானைட், லித்தியப் படிகம். இந்த வரிசையை ஒவ்வொரு படியாகப் பின்தொடர்வதுதான் இந்த வழிகாட்டி. கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் நல்லது. "லித்தியம் சின்ன அணு, பாறை உருகினால் தானாகக் குழம்புக்குள் போய்விடும்" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவாரசியமானது.

படி 1: தொடக்கத்தையும் முடிவையும் எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள்

பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதை விட டன்னுக்கு ஒரு கிராம் என்று நினைத்தால் மனதில் நிற்கும். இரண்டும் ஒன்றுதான்.

மேலோட்டுக்கு அடியில் உள்ள மேன்டில் பாறையில் டன்னுக்கு ஒன்றரை கிராம் அளவில் லித்தியம் இருக்கிறது. நாம் நிற்கிற கண்ட மேலோட்டின் மேல் பகுதியில் சராசரியாக 20 முதல் 35 கிராம். களிமண் இறுகி உண்டான ஷேல் பாறையில் 60 கிராமை ஒட்டி. பெக்மடைட் பாறையை (உருகிய குழம்பின் கடைசித் துளிகள் உறைந்து உண்டாகும் பாறை, படி 7இல் வரும்) லித்தியத்துக்காக வெட்டி எடுப்பது லாபமாக வேண்டுமானால் டன்னுக்குச் சுமார் 5000 கிராம், அதாவது 5 கிலோ வேண்டும். சுரங்கக்காரர்கள் இதை லித்தியம் ஆக்சைடு 1 சதவீதம் என்று சொல்வார்கள்.

ஆக 60ஐ 5000 ஆக்க வேண்டும். 80 மடங்குக்கும் மேல். நம் கணக்கு முழுவதும் இந்த 80ஐத் தேடித்தான் போகிறது.

படி 2: மூலப் பாறை களிமண்ணா, மணலா என்று பாருங்கள்

மழையிலும் காற்றிலும் பாறை அழியும்போது சோடியம் கரைந்து கடலுக்குப் போய்விடுகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த லித்தியத்தில் ஒரு பகுதி மட்டும் வழியிலேயே களிமண்ணில் மாட்டிக்கொள்கிறது. காரணம் உருவ அளவு. லித்தியம் அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், மெக்னீசியத்தினுடையது 0.72. மின்னூட்டம் வேறுதான், ஆனாலும் களிமண் படலங்களில் மெக்னீசியம் உட்காரும் இடத்தில் லித்தியமும் உட்கார்ந்துகொள்ள முடியும். கடல்நீரில் டன்னுக்கு 0.2 கிராம் கூட இல்லாமல் போனதற்கும் ஒரு முக்கியக் காரணம் இந்தக் களிமண்தான். கடலுக்குள் தப்பி வந்ததையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது.

எனவே மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ உருகி லித்தியம் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சேறு படிந்த பழைய கடல் தளம்தான் நல்ல மூலப் பொருள்.

அந்தச் சேறு புதைந்து, சூடேறி, அழுந்தும்போது களிமண் மைக்காவாக மாறுகிறது. வெளியேறும் நீரோடு கொஞ்சம் லித்தியமும் போய்விடும். மிஞ்சுவதில் பெரும்பகுதி மைக்காக்களில் இருக்கும். மஸ்கோவைட் என்ற வெள்ளை மைக்காவில் ஓரளவு, மெக்னீசியமும் இரும்பும் நிறைந்த பயோடைட் என்ற கருப்பு மைக்காவில் அதைவிட அதிகம். ஸ்டாரோலைட் என்ற கனிமம் இருந்தால் அதுவும் நிறையப் பிடித்து வைத்திருக்கும். பாறையின் மற்ற முக்கியக் கனிமங்களான குவார்ட்ஸிலும் ஃபெல்ட்ஸ்பாரிலும் பேருக்குத்தான் இருக்கும்.

லித்தியத்தைக் குடியிருப்பவர் என்று வைத்துக்கொண்டால் மைக்காதான் வீடு. இனி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வீடு எப்போது இடிகிறது?

படி 3: எந்த மைக்கா உடைந்தது என்று கண்டுபிடியுங்கள்

மேலோடு உருகுவதற்கு எரிமலை நெருப்பு தேவையில்லை. இரண்டு கண்டங்கள் மோதி மேலோடு தடித்தால் போதும். உள்ளே இருக்கிற பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் கதிரியக்க வெப்பம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்லச் சேர்ந்து பாறையை உருகு நிலைக்குக் கொண்டுபோகும். இந்தியா ஆசியாவோடு மோதிய பிறகு இமயமலைக்கு அடியில் நடந்தது இதுதான். மலையின் உச்சிப் பகுதிகளில் தெரிகிற வெள்ளைக் கிரானைட்டுகளில் பல, ஏறத்தாழ 2.5 கோடி முதல் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படி உருகி வந்தவை.

உருகுவதற்கு நீர் வேண்டும். அது மூன்று வழிகளில் கிடைக்கலாம்.

வெளியில் இருந்து நீர் பாறைக்குள் புகுந்தால் 650 டிகிரி செல்சியஸை ஒட்டியே குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்து உருகத் தொடங்கும். மைக்கா அதிகம் உடையாது. வீடு இடியவில்லை, குடியிருப்பவரும் நகரவில்லை. லித்தியக் கணக்கில் இந்த வழி பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

இரண்டாவது வழியில் வெள்ளை மைக்கா உடையும். ஆழத்தைப் பொறுத்து 700 டிகிரியை ஒட்டி இது நடக்கும். மைக்காவின் எடையில் சுமார் 4 சதவீதம் நீர், படிகத்துக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. மைக்கா உடையும்போது அந்த நீர் நேராகக் குழம்புக்குள் போகிறது. பக்கத்தில் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரும் சில்லிமனைட்டும் புதிதாக வளர்கின்றன. பாறையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உருகலாம்.

மூன்றாவது, கருப்பு மைக்கா உடைவது. இதற்கு ஏறத்தாழ 750 முதல் 900 டிகிரி வரை வேண்டும். பின்னால் கார்னெட், கார்டியரைட் என்ற கனிமங்கள் மிஞ்சும். பாறையில் மூன்றில் ஒரு பங்கு வரை உருகிப்போகலாம்.

படி 4: உருகும்போது எத்தனை மடங்கு சேர்கிறது என்று கணக்குப் போடுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முழு விஷயமும் இந்த இடத்தில்தான் திரும்புகிறது.

ஒரு தனிமம் திடப் பொருளில் எவ்வளவு, குழம்பில் எவ்வளவு என்று பிரியும் விகிதத்தைப் பங்கீட்டு எண் என்பார்கள். எண் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் தனிமம் குழம்புக்கு ஓடிவிடும். 1 என்றால் இரண்டிலும் சமம். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கார்னெட் ஆகியவற்றில் லித்தியத்துக்கு இந்த எண் மிகக் குறைவு. கருப்பு மைக்காவிலோ 1ஐ ஒட்டி, சில சோதனைகளில் அதற்கு மேலேயும் வந்திருக்கிறது. அதாவது கருப்பு மைக்கா உடையாமல் நிற்கும் வரை அதன் பங்கை அது விட்டுக்கொடுக்காது.

வாய்ப்பாடு எளிது. பாறை முழுவதற்குமான பங்கீட்டு எண்ணை ப என்றும், உருகிய பங்கை உ என்றும் வைத்துக்கொள்வோம்.

குழம்பின் செறிவு = மூலச் செறிவு ÷ [ப + உ × (1 − ப)]

முதலில் பாடப்புத்தகக் கனவு. லித்தியம் முழுக்கக் குழம்புக்கே போகிறது, ப = 0. பத்தில் ஒரு பங்கு உருகியது, உ = 0.1. விடை 60 ÷ 0.1 = 600 கிராம். பத்து மடங்கு! இவ்வளவு சுலபமாக இருந்தால் உலகில் பாதி கிரானைட் லித்தியச் சுரங்கமாகத்தான் இருக்கும்.

இப்போது நிஜம். வெள்ளை மைக்கா உடைந்தது, கருப்பு மைக்கா பாறையில் கால் பங்கு அப்படியே நிற்கிறது. ப சுமார் 0.45 என்று வைத்துக்கொள்ளலாம். 60 ÷ (0.45 + 0.055), ஏறத்தாழ 119 கிராம். இரண்டு மடங்கு மட்டுமே.

சரி, சூட்டை இன்னும் ஏற்றிக் கருப்பு மைக்காவையும் உடைத்துவிடுவோம். ப 0.1க்கு இறங்கும், ஆனால் உருகிய பங்கு 0.35க்கு ஏறும். 60 ÷ (0.1 + 0.315), ஏறத்தாழ 145 கிராம். வீடு முழுக்க இடிந்து குடியிருப்பவர் வெளியே வந்தாயிற்று. ஆனால் வெளியே கூட்டமும் பெருகிவிட்டது. லித்தியம் நிறையக் குழம்பில் நீர்த்துப்போகிறது. கார்டியரைட் வளர்ந்திருந்தால் அதுவும் தன் பங்குக்கு லித்தியத்தைப் பிடித்துக்கொள்ளும், கணக்கு இன்னும் இறங்கும்.

ஆக, எந்த வழியில் போனாலும் ஒரு முறை உருகுவதால் கிடைப்பது இரண்டு, இரண்டரை மடங்கு. நாம் தேடுவது 80.

ஒரு தீர்வு உருகுவதைப் பலமுறை நடத்திப் பார்ப்பது. முதல் சுற்றில் லித்தியம் அதிகம் இல்லாத குழம்பு வெளியேறிவிட்டால், மிஞ்சிய கருப்பு மைக்கா லித்தியத்தைப் பத்திரமாக வைத்திருக்கும். பிறகு அதிக வெப்பத்தில் அந்த மைக்கா உடையும்போது வரும் குழம்பு வளமாக இருக்கும். வெவ்வேறு ஆழங்களில் இப்படிப் பல கட்டமாக உருகி லித்தியப் பெக்மடைட் உருவாகலாம் என்று அண்மை ஆண்டுகளில் புவி வேதியியலாளர்கள் கணித்துக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இது நம்பத்தகுந்ததாகவே படுகிறது. ஆனால் 80 மடங்கு முழுவதையும் இதன் தலையில் கட்ட முடியாது.

படி 5: குழம்பு வெளியேறிய தடத்தைத் தேடுங்கள்

உருகிய துளிகள் முதலில் படிகங்களின் மூலைகளில் தங்கும். உருகிய பங்கு நூற்றில் ஏழை ஒட்டி வந்ததும் துளிகள் ஒன்றோடொன்று இணைந்து ஓடத் தொடங்குகின்றன. மலை எழும்பும் அழுத்தம் துணியைப் பிழிவது போலப் பாறையைப் பிழிகிறது. வெளிர், கருப்புப் பட்டைகள் மாறிமாறி வளைந்து கிடக்கும் பாறையை எங்காவது பார்த்திருந்தால் அது பெரும்பாலும் இந்தப் பிழிதலின் தடம்தான். மிக்மடைட் என்பார்கள். வெளிர் பட்டை குழம்பு, கருப்புப் பட்டை சக்கை.

சக்கையைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. ராஜபாளையம் பகுதியிலும் கொடைக்கானல் மலைச்சரிவுகளிலும் 900 டிகிரிக்கும் மேல் சூடேறிய பழைய சேற்றுப் பாறைகள் வெளியே தெரிகின்றன. கார்னெட்டும் கார்டியரைட்டும் மின்னும். மூன்றாவது வழியில் உருகிய பாறைக்குப் பின்னால் எந்தக் கனிமங்கள் மிஞ்சும் என்று படித்தோமோ அவைதான்.

படி 6: குளிர்வதைக் கணக்கில் எடுங்கள்

தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் படியை விளக்கவே தேவையில்லை. கடல்நீர் வற்ற வற்ற உப்பு படிகமாகக் கீழே விழும். உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரில் மெக்னீசியம் மண்டிக் கிடக்கும். மெக்னீசியத்தை யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. உப்புப் படிகத்துக்குள் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

மாக்மா, அதாவது பாறைக் குழம்பு, குளிரும்போதும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் படிகமாகிப் பிரிகின்றன. லித்தியத்துக்கு அவற்றில் இடம் இல்லை. மிஞ்சும் குழம்பில் அது ஏறிக்கொண்டே போகும். மிஞ்சிய பங்கை மீ என்று வைத்தால்:

மிஞ்சிய குழம்பின் செறிவு = தொடக்கச் செறிவு × மீ-யின் (ப − 1) அடுக்கு

தொடக்கம் 120 கிராம், ப = 0.1 என்று போட்டுப் பாருங்கள். பாதி படிகமானபோது 224 கிராம். பத்தில் ஒரு பங்கு மிஞ்சும்போது 950. நூற்றில் ஒன்றரை மிஞ்சும்போது 5200ஐத் தாண்டிவிடும். ஆக, 80 மடங்கில் உருகல் கொடுத்தது 2, குளிர்தல் கொடுத்தது 40க்கும் மேல்.

இதையே பின்னோக்கிப் பெருக்கிப் பாருங்கள். பாறையில் பத்தில் ஒரு பங்கு உருகி, அதில் நூற்றில் ஒன்றரை மட்டும் மிஞ்சியது என்றால், ஒரு கன கிலோமீட்டர் லித்தியப் பெக்மடைட்டுக்கு 670 கன கிலோமீட்டர் ஷிஸ்ட் தேவை. லித்தியம் ஏன் கிரானைட் எங்கும் கிடைப்பதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேடவே வேண்டாம்.

இனி ப-வை 0.5 ஆக்கிப் பாருங்கள். குளிரும் மாக்மாவில் கருப்பு மைக்கா தாராளமாகப் படிகமானால் ப அந்தப் பக்கம்தான் நகரும். அதே ஒன்றரை சதவீதம் மிஞ்சும்போது கிடைப்பது 1000 கிராமைக் கூட எட்டாது. 5000ஐத் தொட வேண்டுமானால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மிஞ்ச வேண்டும். அவ்வளவு சொட்டுக் குழம்பைத் தனியாகப் பிரித்தெடுப்பது இயற்கைக்கும் கஷ்டம்.

இப்போது படி 3க்குத் திரும்புங்கள். கருப்பு மைக்காவை உடைத்து வந்த குழம்பு தொடக்கத்தில் சற்று வளமானது, 145 கிராம். ஆனால் அது இரும்பையும் மெக்னீசியத்தையும் கூடவே அதிகம் ஏற்றிக்கொண்டு வரும். குளிரும்போது மறுபடி கருப்பு மைக்கா வளரும், லித்தியத்துக்கு மறுபடி வீடு கிடைத்துவிடும். வெள்ளை மைக்காவை உடைத்து வந்த குழம்பில் தொடக்கம் 119தான். ஆனால் இரும்பும் மெக்னீசியமும் அதில் மிகக் குறைவு, கருப்பு மைக்கா கட்ட மூலப் பொருளே இல்லை. ப தாழ்ந்தே இருக்கும், லித்தியம் கடைசித் துளி வரை வெளியில்தான் நிற்க வேண்டும். எவ்வளவோடு கிளம்பினோம் என்பதை விட வழியில் எவ்வளவு இழக்கவில்லை என்பதே முக்கியம். எவரெஸ்ட் பகுதியின் வெள்ளைக் கிரானைட்டுகளுக்கு நடுவில் சீனப் புவியியலாளர்கள் லித்தியப் பெக்மடைட்டுகளைக் கண்டறிந்தபோது எனக்கு ஆச்சரியம் வராததற்கு இதுவே காரணம்.

ஒரு நிபந்தனை பாக்கி இருக்கிறது. கடைசி ஒன்றரை சதவீதம் வரை குழம்பு உறையாமல் ஓட வேண்டுமே? அதற்கு நீர், போரான், ஃபுளோரின், பாஸ்பரஸ் ஆகியவை துணை. இவையும் படிகங்களில் எளிதில் இடம் கிடைக்காமல் குழம்பில் சேர்பவைதான். குழம்பு உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்கி, அதை இளக்கமாகவே வைத்திருக்கும். லித்தியமும் அதே வேலையைச் செய்யும். சேரச் சேரத் தான் மேலும் சேர்வதற்கு அது தானே வழிசெய்துகொள்கிறது.

படி 7: கடைசித் துளி எங்கே போனது என்று பாருங்கள்

இந்தக் கடைசிக் குழம்பு விரிசல்கள் வழியாகக் கிரானைட்டை விட்டு வெளியேறிப் பக்கத்துப் பாறைகளில் உறைந்தால் அதுவே பெக்மடைட். ஹார்னி பீக் கிரானைட்டைச் சுற்றி இப்படி 20,000க்கும் மேற்பட்ட பாறைத் துண்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை வெறும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா. உள்ளே மண்டலம் மண்டலமாகப் பிரிந்து வளர்ந்தவை நூற்றில் ஓரிரண்டுதான், லித்தியம் தேறியவை அவற்றுள்ளும் சில. எட்டா அவற்றில் ஒன்று. ஆரம்பத்தில் அங்கே மைக்காவையும் வெள்ளீயத்தையும் தேடித்தான் தோண்டினார்கள். பிறகுதான் சுவர்களில் மரக்கட்டைகள் போலக் கிடந்த ஸ்போடுமின் படிகங்களுக்கு மதிப்பு வந்தது.

ஸ்போடுமின் என்பது லித்தியம், அலுமினியம், சிலிக்கா சேர்ந்த கனிமம். எடையில் 3.7 சதவீதம் லித்தியம். ஆக டன்னுக்கு 5 கிலோ உள்ள பெக்மடைட்டில் ஏழெட்டில் ஒரு பங்கு பாறை ஸ்போடுமினாகவே இருக்கும், கண்ணாலேயே பார்க்கலாம். லித்தியத்தை முதலில் கண்டுபிடித்ததும் ஒரு பெக்மடைட் கனிமத்தில்தான். 1817இல் ஸ்வீடனின் உட்டோ தீவில் இருந்து வந்த பெட்டலைட்டில் ஆர்ஃப்வெட்சன் கண்டார்.

எல்லா இடத்திலும் தாய்க் கிரானைட் பக்கத்திலேயே நிற்கும் என்று நினைக்க வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் உலகின் மிக வளமான லித்தியப் பெக்மடைட்டுகளில் ஒன்று, அதற்குத் தாய் எது என்று கை நீட்டிக் காட்ட முடியாது. படி 4இல் சொன்ன பல கட்ட உருகல் போன்ற விளக்கங்களுக்கு மவுசு வருவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இங்கிலாந்தின் கார்ன்வால் வேறு மாதிரி. அங்கே செயின்ட் ஆஸ்டல் பகுதிக் கிரானைட்டில் ஃபுளோரின் அதிகம். லித்தியம் ஸ்போடுமினாகப் பிரியாமல், கிரானைட்டுக்குள்ளேயே லித்திய மைக்காவாகப் பரவி நிற்கிறது. களிமண் படலத்தில் தொடங்கியது மறுபடி மைக்காவிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

படி 8: களத்தில் சரிபாருங்கள்

தூரத்தில் இருந்து ஸ்போடுமினை ஃபெல்ட்ஸ்பார் என்று ஏமாந்துவிடுவது சகஜம். கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ரே கருவியும் உதவாது, லித்தியம் அதற்கு எட்டாத அளவுக்கு லேசானது. அதனால் நேராக லித்தியத்தைத் தேடாமல் அதன் கூட்டாளியான ருபிடியத்தைப் பிடியுங்கள். பொட்டாசியத்தையும் ருபிடியத்தையும் அந்தக் கருவி நன்றாக அளக்கும். குளிர்தல் நீள நீள ருபிடியம் ஏறும், பொட்டாசியம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சாதாரண மேலோட்டுப் பாறையில் பொட்டாசியம் ருபிடியத்தைப் போல் 200 மடங்குக்கும் மேல் இருக்கும். பெக்மடைட்டின் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரிலோ வெள்ளை மைக்காவிலோ அந்த விகிதம் 30க்குக் கீழே இறங்கினால் படி 6 கடைசி வரை நடந்திருக்கிறது என்று அர்த்தம். 100, 150 என்று வந்தால் குறித்துக்கொண்டு, கிரானைட்டை விட்டு இன்னும் வெளிப்பக்கமாக நடந்து அடுத்த பெக்மடைட்டைச் சுட்டுப் பாருங்கள்.